அழுவதற்கு ஒரு டிக்கெட்

ஜூன் 4

அண்ணிக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கத்தான் பார்த்தேன், வரவில்லை. வராததை எழுதிப் பழக்கமில்லை, விட்டுவிட்டேன்.

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் உங்கள் குரலைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. அண்ணன் செத்த அன்றிலிருந்து அந்தக் குரலில் ஓர் ஏற்ற இறக்கம் கிடையாது. "சாப்ட்டியா", "பஸ் கிடைச்சுதா", "கதவைச் சாத்திட்டுப் போ", எல்லாம் ஒரே சுருதி. அதனால்தான் கடிதம். காகிதத்தில் கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது பாருங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். சித்தி மகன் நேற்றுக் கூப்பிட்டான். சனிக்கிழமை சாயங்காலம் நாடகக் கொட்டகை வாசலில் உங்களைப் பார்த்தானாம். இஸ்திரி போட்ட உடை, தோளில் பை, கையில் டிக்கெட். "அண்ணி வெளிய வாசல் போற அளவுக்குத் தேறிட்டாங்கக்கா, நல்ல விஷயம்தானே" என்றான். நல்ல விஷயமாம்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணன் போய் ஒரு மாதம் முழுசாக முடியவில்லை. அதற்குள் டிரம் அடித்து, எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்து, கலர் லைட் போட்டு ஆடும் ராக் நாடகம் உங்களுக்கு வேண்டியிருக்கிறது.

நான் மருந்துக் கடைக் கவுண்டரில் நின்றபடியே அழுகிறேன். இருமல் மருந்து வாங்க வருகிறவர்கள் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அன்றைக்கு என் அண்ணனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? வாசலில் கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாக ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.

ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அவன்மேல் உங்களுக்குப் பாசமே இல்லையா, இல்லை வேறு ஏதாவதா? இது தெரியாமல் அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்.

அவன் தங்கை

ஜூன் 9

பட்டாசுக்கு,

உன் அண்ணன் வைத்த பெயரில்தான் உன்னைக் கூப்பிட வருகிறது. பிடிக்கவில்லை என்றால் சொல்.

போனது உண்மை. அழத்தான் போனேன்.

நீ கேட்பதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், வாயைத் திறந்து கேட்பதில்லை, அவ்வளவுதான். எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளியம்மா மட்டும் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "இப்படியே அடைச்சு வெச்சிருந்தா உடம்புக்கு ஆகாது. கொட்டகையில அந்த நாடகம் போடறாங்க, போயிட்டு வா. எங்க வீட்டுக்காரரே தேம்பித் தேம்பி அழுதாரு. அவரு கடைசியா அழுதது கல்யாணத்தன்னிக்கு." சரி என்று டிக்கெட் வாங்கினேன். இரண்டு கைக்குட்டை எடுத்துக்கொண்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தால் எழுந்து போக வசதியாக ஓரத்து இருக்கை கேட்டு வாங்கினேன். வாசலில் எல்லோருக்கும் காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தார்கள்.

நாமெல்லாம் பள்ளியில் படித்த அந்தப் பழைய கோட்டை நாடகம்தான். கோட்டையைப் பகைவர்கள் சூழ்ந்திருக்கிறார்கள். இளவரசன் உதவிக்குப் படை கூட்டிவரப் போயிருக்கிறான். அவன் வழியிலேயே செத்துவிட்டான் என்று தூதுவன் ராணியிடம் மட்டும் வந்து சொல்கிறான். சொன்னால் வீரர்கள் மனம் உடைந்து கதவைத் திறந்துவிடுவார்கள். அதனால் மகன் போனதை ராணி மறைக்கிறாள். தினமும் மதில்மேல் ஏறி நின்று 'நாளை வருவான்' என்கிறாள். கடைசியில் பகைவர்கள் சலித்துப்போய்த் திரும்பிவிடுகிறார்கள். ஊர் பிழைத்துவிடுகிறது. இளவரசனை வரவேற்க ஜனங்கள் தெருவெல்லாம் பூப்போடுகிறார்கள். ராணி கோட்டைக் கதவைத் திறந்துகொண்டு தனியாக வெளியே நடந்து போகிறாள்.

இதைத்தான் பாட்டாகப் போட்டிருக்கிறார்கள். 'நாளை வருவான்' வரிக்கு டிரம் அடிக்கிறார்கள், கூட்டம் கை தட்டுகிறது. நடிப்பவர்கள் எல்லாம் நம் ஊர் ஆட்கள். தூதுவனாக வருகிறவர் தபால்காரர். வேலையும் அதே, வேஷமும் அதே. படைத்தலைவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். ராணி யார் தெரியுமா, பேங்க் கவுண்டரில் உட்காருவாரே, அந்த அம்மா. எங்கள் கடையில்தான் கண்ணாடி வாங்குகிறார். இடது கண் மைனஸ் எட்டு, வலது ஏழரை. மேடையில் கண்ணாடி போடவில்லை. மதில் என்று இரும்புக் குழாயில் சாரம் கட்டி வைத்திருக்கிறார்கள், ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். அதன் விளிம்பில் நின்று தலையை ஆட்டி ஆட்டிப் பாடுகிறார். எனக்கு அவர் காலைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியவில்லை. இப்போது விழுவார், இப்போது விழுவார் என்றே இரண்டரை மணி நேரம் போய்விட்டது. எனக்கு இரண்டு பக்கமும் அழுதார்கள். ஒரு கைக்குட்டையைப் பக்கத்து இருக்கைக்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் அந்த ராணியை எனக்குப் பிடிக்கவில்லை. பெற்ற மகன் போய்விட்டான் என்று தெரிந்தும் முகத்தை இப்படி வைத்துக்கொண்டு ஊரையே ஏமாற்றுவாளா ஒருத்தி?

பாசம் இல்லையா என்று கேட்டிருக்கிறாய். இந்தக் கேள்வியைப் பலமுறை படித்தேன். கோபம் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி

ஜூன் 14

அண்ணிக்கு,

அழுவதற்காக டிக்கெட் வாங்கினேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்து முதலில் சிரித்துவிட்டேன். பிறகு சிரித்துவிட்டோமே என்று அழுதேன். என் பிழைப்பு இப்படி ஓடுகிறது.

மகன் செத்ததை மறைத்து நிற்கிற தாயைப் பார்க்கப் போய், அவள் கண் பவரை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களா? உங்களை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. அண்ணன் இருந்திருந்தால் "அவ அப்படித்தான் விடு" என்று உங்களுக்கு வக்காலத்து வாங்கியிருப்பான். எப்போதும் உங்கள் கட்சிதான் அவன்.

அந்த நாடகத்தில் நானும் நடித்திருக்கிறேன், பள்ளியில். மூன்றாவது காவலன். ஒரே ஒரு வசனம், அதையும் மறந்துவிட்டுத் திருதிருவென்று விழித்தேன். எங்கள் நாடகத்தில் 'நாளை வருவான்' என்பதை ராணி மெதுவாகத்தான் சொல்வாள். கொட்டகையே மூச்சுப் பேச்சில்லாமல் இருக்கும். அந்த வரிக்குப் போய் டிரம் அடிக்கிறார்களா? கை தட்டுகிறார்களா? யாருக்கு வந்த விருந்தோ என்று எல்லாவற்றுக்கும் கை தட்டும் காலம் இது.

இத்துடன் ஒரு சின்னப் பார்சல் வரும். கண் காய்ந்து போகிறவர்களுக்கு எங்கள் கடையில் விற்கும் சொட்டு மருந்து. செயற்கைக் கண்ணீர் என்றுதான் பெட்டியில் போட்டிருக்கும். வேண்டுமென்றே குத்துகிறேன், தெரிந்துதான் செய்கிறேன்.

குத்தியாகிவிட்டது. இப்போது உண்மையாகவே கேட்கிறேன். உள்ளே என்னதான் இருக்கிறது அண்ணி?

பட்டாசு

ஜூன் 20

பட்டாசு,

மருந்து வந்தது. கண்ணுக்கு இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். கன்னத்தில் வழிந்தது. கண்ணாடியில் பார்த்தேன், அழுகிற பெண் மாதிரியே இருந்தது. துடைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாய். பல் பிடுங்க ஊசி போட்டபின் உதட்டைத் தொட்டால் வேறு யாருடைய உதடோ போலிருக்குமே, அப்படி இருக்கிறது. வலி இல்லை. கடித்தாலும் தெரியாது. கடைக்குப் போகிறேன், ஃபிரேம் சரி செய்கிறேன், வந்தவர்களிடம் சிரிக்கிறேன், வீட்டுக்கு வருகிறேன். எதையும் விட்டுவிடவில்லை. விட்டுவிடாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் உறுத்துகிறது போலிருக்கிறது.

போன சனிக்கிழமை இன்னொரு தடவை நாடகத்துக்குப் போனேன். காலைப் பார்க்கக் கூடாது, முகத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்று தீர்மானம் செய்துகொண்டேன். முகத்தைத்தான் பார்த்தேன். நன்றாகத்தான் நடிக்கிறார். 'நாளை வருவான்' பாட்டு வந்ததும் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று தாளம் தட்டுகிறது. நானும் தட்டினேன். தட்டாமல் இருக்க முடியாத தாளம் அது. கடையில் லென்ஸ் துடைக்கும்போதுகூட வாய் அதையே முணுமுணுக்கிறது. முதலாளியம்மா சந்தோஷப்பட்டார், நான் தேறி வருகிறேனாம்.

திங்கட்கிழமை அந்த ராணியம்மா கண்ணாடியின் மூக்குப்பட்டை மாற்றக் கடைக்கு வந்தார். மனம் கேட்காமல் சொல்லிவிட்டேன்: "மேடைக்கு மட்டுமாவது கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்குங்க. விழுந்து கிழுந்து வெச்சா என்ன ஆகறது?" அவர் சிரித்தார். "ஐயோ வேணாம்மா. எதிர்ல உட்கார்ந்திருக்கிற மூஞ்சியெல்லாம் தெளிவாத் தெரிஞ்சுதுன்னா எனக்குக் குரலே வராது. மங்கலா இருக்கறதாலதான் அவ்வளவு தைரியமாப் பாடறேன்." எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

இருபத்தெட்டாம் தேதி கடைசி ஆட்டம். உனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கியிருக்கிறேன். வீட்டுப் படி ஏற வேண்டாம். நேரே கொட்டகைக்கு வா, முடிந்ததும் பஸ் ஏறிவிடு. நீ பக்கத்தில் உட்கார்ந்து அழுதால் எனக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று ஒரு நப்பாசை.

அண்ணி

ஜூலை 1

அண்ணி,

சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்தது தப்புதான். பல்கூடத் துலக்காமல் ஓடி வந்தேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நாடகத்தில் நான் அழுத அழுகைக்கு முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தது உங்களுக்கே தெரியும். காதில் வைத்த பஞ்சை எடுத்து மூக்கைத் துடைத்தேன், அந்த அளவுக்கு. நீங்கள் பக்கத்தில் தாளம் தட்டிக்கொண்டிருந்தீர்கள். அப்போது உங்களைப் பிடிக்கவே இல்லை. கடைசி பஸ்ஸும் போய்விட்டது, வேறு வழியில்லாமல் சபதத்தை மூட்டை கட்டிவைத்துவிட்டு உங்கள் படி ஏறினேன்.

முன்னறையில் அண்ணன் ரிப்பேருக்கு வாங்கி வைத்த வாஷிங் மெஷின், மிக்ஸி, மின்விசிறி எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. எதிலும் தூசி இல்லை. துடைக்கிறீர்கள் போல. அப்போதே கேட்டிருக்க வேண்டும், யாரும் தங்கள் சாமானைத் திருப்பி எடுக்க வரவில்லையா என்று. தோன்றவில்லை.

காலையில் அண்ணனின் போன் அடித்தது. எனக்கு விழிப்பு வந்துவிட்டது. நீங்கள் அடுப்படியிலிருந்து வந்து எடுத்தீர்கள்.

"ஆமாங்க, சொல்லுங்க. இல்லீங்க, அவர் வெளிய போயிருக்கார். உங்க மெஷினுக்கு மோட்டார் வாங்கத்தான் அலையறார் பாவம். நாளைக்கு வந்துடுவார். வந்ததும் முதல் வேலையா உங்களுதைத்தான் பார்க்கச் சொல்றேன், கவலைப்படாதீங்க."

அண்ணி, அந்தக் குரலில் ஏற்ற இறக்கம் இருந்தது. கொஞ்சம் சலிப்பு, கொஞ்சம் பெருமை, அவனைப் பற்றிப் பேசும்போது உங்களுக்கு வருமே அந்தச் சிரிப்பு, எல்லாம் இருந்தது. அவன் உயிரோடு இருந்தபோது நான் கேட்ட அதே குரல். ஒரு நொடி நானும் வாசலைப் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். அவன் செருப்பைத் தேடினேன்.

போனை வைத்ததும் இன்னொன்று வந்தது. அதற்கும் அதே பதில். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "எழுந்துட்டியா" என்றீர்கள், மறுபடி அந்தச் செத்த குரலில். எனக்குப் பயம் வந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன்.

பாசம் இல்லையா என்று கேட்டேனே, அந்தக் கேள்வியை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இப்போது வேறு பயம் பிடித்துக்கொண்டிருக்கிறது. எத்தனை பேருக்கு இப்படிச் சொல்லியிருக்கிறீர்கள்?

பட்டாசு

ஜூலை 5

பட்டாசு,

நீ நினைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. எனக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. அவர் இறந்தது எனக்குத் தெரியும்.

அடுத்த நாளே ஒருவர் கூப்பிட்டார். அவசரத்தில் வாயில் வந்தது அதுதான். அவர் இருந்தபோதும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன், எத்தனையோ வருஷப் பழக்கம். அப்புறம் கூப்பிட்டவருக்கும் அதையே சொன்னேன். பிறகு மாற்றிச் சொல்ல முடியாமல் போய்விட்டது. முந்தாநாள் 'வருவார்' என்றவள் இன்று 'செத்துவிட்டார்' என்று எப்படிச் சொல்வது? எப்போது செத்தார் என்று கேட்டால்?

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அப்படிச் சொல்லி வைத்தபிறகு கொஞ்ச நேரம் எனக்கு நன்றாக இருக்கிறது. அவர் மோட்டாருக்காகக் கடைகடையாக ஏறி இறங்குவது கண்ணில் தெரிகிறது. வெயிலில் போகிறாரே, தொப்பி எடுத்துக்கொண்டாரா என்றுகூடத் தோன்றும். அவ்வளவுதான். பிறகு அடுப்பில் வைத்தது ஞாபகம் வந்துவிடும்.

இதில் யாருக்கு என்ன கஷ்டம்? அந்த ராணியாவது ஊரை ஏமாற்றினாள்.

இந்த வரியை எழுதிவிட்டு மறுபடி மறுபடி படித்தேன். போன் அடித்தது. எடுக்கவில்லை. ரொம்ப நேரம் அடித்துவிட்டு நின்றது.

அண்ணி

ஜூலை 9

அன்புள்ள அண்ணி,

நான் வந்து சொல்லிவிடட்டுமா? எனக்கு அழுதுகொண்டே பேச வரும், கை வந்த கலை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரே நாளில் முடித்துவிடுவேன்.

கேட்டுவிட்டேனே தவிர, எனக்கே மனசில்லை. அந்தப் போனில் மட்டும்தான் அண்ணன் இன்னும் மோட்டார் வாங்க அலைந்துகொண்டிருக்கிறான். அதையும் சொல்லிவிட்டால் அவன் எங்கேயுமே இல்லை. அன்று காலையில் அந்த ஒரு நொடி வாசலைப் பார்த்தேனே, எனக்கு அது எவ்வளவு இனித்தது என்று சொன்னால் நம்புவீர்களா? இத்தனை நாள் அழுதேன், ஒருநாளும் அவ்வளவு பக்கத்தில் அவன் வந்ததில்லை. உங்களுக்கு அது தினமும் கிடைத்திருக்கிறது. எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது, தூ, என்ன புத்தி இது.

ஆனாலும் சொல்லிவிடுங்கள். பாவம், சாமான் கொடுத்தவர்கள் துணியெல்லாம் கையில் துவைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்று உங்களிடம் கணக்குக் கேட்டேனே, அதை மறந்துவிடுங்கள். அழாவிட்டால் போகிறது. உங்களுக்கும் சேர்த்து நான் அழுதுகொள்கிறேன்.

பட்டாசு

ஜூலை 13

பட்டாசு,

இன்று கடை விடுமுறை. காலையிலேயே ஆரம்பித்தேன். அவர்கள் கூப்பிடும்வரை காத்திராமல் நானே கூப்பிட்டேன்.

முதலில் மிக்ஸி கொடுத்த டீச்சர். சொன்னதும் "எனக்கு முன்னாடியே தெரியும்மா. யாரோ சொன்னாங்க. நீங்க வருவார்னு சொல்றப்போ எப்படி மறுத்துப் பேசறதுன்னு தெரியல" என்றார். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். தெரிந்துகொண்டேதான் கூப்பிட்டிருக்கிறார்கள், பட்டாசு. சாமானைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டுவிட்டு, நான் சொல்வதற்கெல்லாம் உம் கொட்டியிருக்கிறார்கள். நானும் கொட்டகையில் எழுந்து நின்று தாளம் தட்டியவள்தானே.

உண்மையிலேயே தெரியாமல் இருந்தவர் ஒரே ஒருவர்தான். சலவைக் கடைக்காரர். வெளியூர் போய் வந்தாராம். "அவர் இறந்துட்டார்ங்க" என்றேன். "அடப்பாவமே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அப்போ என் மெஷின் எப்பம்மா கிடைக்கும்?" என்றார்.

"கிடைக்காது" என்றேன்.

"அதில்லம்மா, நாளைக்காவது யாராவது வந்து..."

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. "நாளைக்கு வர மாட்டார்! என்னிக்குமே வர மாட்டார்! மனுஷன் செத்துப் போயிட்டார்னு சொல்றேன், உனக்கு மெஷினாய்யா முக்கியம்? மெஷினா?" என்று கத்தினேன். இவ்வளவு பெரிய குரல் எனக்குள் இருக்கிறது என்று நான் நினைத்ததே இல்லை. போனைக் கீழே வைத்தபிறகும் நிற்கவில்லை. அந்த ஆளைத் திட்டினேன், பிறகு உன் அண்ணனைத் திட்டினேன். நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லாமல் கொள்ளாமல் போவதுதான் உங்கள் குடும்பத்துக்கே வழக்கமா? வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். கீழ்வீட்டு அம்மா ஓடி வந்து பிடித்துக்கொண்டார். மூக்கு ஒழுகியது, தொண்டை கட்டிவிட்டது. இதற்குப் பெயர்தான் அழுகையா, தெரியவில்லை. நாடகத்தில் நீ அழுத மாதிரி இல்லை.

மத்தியானம் அந்தச் சலவைக் கடைக்காரரே வண்டி எடுத்துக்கொண்டு வந்தார். வாசலிலேயே நின்றார். "தப்பாப் பேசிட்டேம்மா" என்றார். நானும் தப்பாகத்தான் பேசினேன் என்றேன். மெஷினை அவரே தூக்கி ஏற்றிக்கொண்டு போனார். அது இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருக்கிறது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

இப்போது மறுபடியும் மரத்துப் போய்த்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே நாளில் சரியாகிவிடும் என்று நீ எதிர்பார்க்காதே, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சாயங்காலம் போன் அடித்தபோது பழக்கதோஷத்தில் எடுத்து, "சொல்லுங்க" என்றேன். அதற்குமேல் அந்த வாக்கியம் வாயில் வரவில்லை. எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அவர் வெயிலில் எங்கும் அலையவில்லை. வீடு ஒரேயடியாகக் காலியாக இருக்கிறது, தங்கச்சி. இத்தனை நாள் இவ்வளவு காலியாக இருந்ததில்லை.

இன்னும் பாதிப் பேருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. தனியாக என்னால் ஆகாது. அவர் வர மாட்டார். நீ வா.

அண்ணி